பட்டன் வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையப் பக்கத்திலும் செயலியிலும் அழுத்தும் பட்டனை வரைபவர், அதை நிரலில் எழுதுபவர், அதன் மேல் வரும் சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் ஆகிய மூன்று தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இங்கே இருக்கின்றன. ‘பொத்தான்’ நல்ல சொல்தான். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் ‘பட்டன்’ என்றே எழுதுகிறேன்.

விதி எண்கள் வரும் இடங்களில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல்தன்மை விதிகளைத்தான் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவதற்கான விதிகளை) சொல்கிறேன். அதன் 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.1 பதிப்பு 2018இல், 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள் உண்டு; ஏ குறைந்தபட்சம், ஏஏஏ மிகக் கடுமையானது. பெரும்பாலானோர் குறிவைப்பது ஏஏ.

எல்லாப் பட்டனும் பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாதா?

போதாது. மூலை வளைவு, நிறம், எழுத்துரு எல்லாம் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடக்கூடியவை. சிக்கல் நடத்தையில்தான் வரும். ஒரு திரையில் நீலப் பட்டன் சேமிக்கிறது. அடுத்த திரையில் அதே நீலப் பட்டன் மெனுவைத் திறக்கிறது. மூன்றாவதில் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன, தொந்தரவே அதுதான். முதல் திரையில் கற்றுக்கொண்டதை நம்பி இரண்டாவதில் அழுத்தியவர் ஏமாந்து நிற்கிறார்.

நான் இரண்டைத்தான் பார்ப்பேன். ஒரே தோற்றம் உள்ளவை ஒரே வகை வேலையைச் செய்கின்றனவா? ஒரே வேலையைச் செய்பவை ஒரே பெயரில் இருக்கின்றனவா? இரண்டாவது, டபிள்யூ.சி.ஏ.ஜி.யிலேயே 3.2.4 என்ற எண்ணில் ஏஏ நிலை விதியாக இருக்கிறது.

நான் இருந்த ஒரு குழுவில் ஒருநாள் எல்லாத் திரைகளையும் அச்சடித்து, பட்டன்களை மட்டும் கத்தரித்து மேசையில் பரப்பினோம். செய்த மாற்றத்தைச் சேமிக்கும் பட்டனுக்கு ‘சேமி’, ‘அப்டேட்’, ‘முடிந்தது’, ‘சமர்ப்பி’, ‘சரி’ என்று ஐந்து பெயர். வைத்தவர்களும் ஐந்து பேர். யாருக்கும் யாரோடும் சண்டை கிடையாது. அடுத்தவர் திரையை யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை வகைப் பட்டன் வைத்துக்கொள்ளலாம்?

முக்கியமானது, துணையானது, வெறும் எழுத்தாக இருப்பது, ஆபத்தானது என நான்கு. ஒரு திரையில் முக்கியப் பட்டன் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால், எது முக்கியம் என்று நீங்களே இன்னும் முடிவுசெய்யவில்லை என்று பொருள். ஐந்தாவது வகை கேட்டு வருபவரிடம் ‘இந்த நான்கில் எதை எடுத்துவிடலாம்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பட்டனா லிங்க்கா என்று எப்படி முடிவுசெய்வது?

வேறிடத்துக்குக் கொண்டுபோனால் லிங்க். இருக்கும் இடத்திலேயே எதையாவது செய்தால் பட்டன்.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை. லிங்க்கைப் புதிய டேபில் திறக்கலாம், முகவரியை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம். கீபோர்டில் லிங்க்குக்கு என்டர் மட்டும் வேலை செய்யும், பட்டனுக்கு என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யும். ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) ‘லிங்க்’ என்று சொன்னால், கேட்பவர் வேறெங்கோ போகப்போகிறோம் என்று தயாராகிறார். லிங்க்குக்குப் பட்டன் வேஷம் போடுவதில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, மார்க்கப்பில் (பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். நிரலில்) பொய் சொல்லாதவரை.

‘நீக்கு’ என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லிங்க்காக எழுதாதீர்கள். பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைப்பதற்காக கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் 2005இல் வந்தபோது, சில இணையச் செயலிகளில் இருந்த ‘நீக்கு’ லிங்க்குகளையும் அது தானே போய்த் திறந்து பார்த்தது. தரவு அழிந்தது. லிங்க் என்றால் ஆபத்தில்லாமல் திறந்து பார்க்கலாம் என்பதுதான் இணையத்தின் ஒப்பந்தம். அதன்படி பார்த்தால் அந்த மென்பொருளைக் குறைசொல்வதும் கடினம்.

டிவ் எலிமென்டில் (பக்கத்தின் பாகங்களை அடுக்கும் வெறும் பெட்டியில்) கிளிக் வைத்தால் பட்டன் மாதிரியே வேலை செய்கிறதே, என்ன குறை?

மவுஸ் வைத்திருப்பவருக்கு ஒரு குறையும் இல்லை. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் கீயைத் தட்டிப் பாருங்கள். ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது எங்கே நிற்கிறது என்ற குறி, அதைத் தாண்டிப் போய்விடும். சரி என்று, டேப் கீ அங்கே நிற்பதற்காக டேப்இன்டெக்ஸ் பூஜ்யம் கொடுப்பீர்கள். ஃபோகஸ் வந்து நிற்கும், என்டர் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அதற்கு ஒரு ஃபங்ஷன். என்டர் இப்போது வேலை செய்யும், ஸ்பேஸ் அழுத்தினால் பக்கம் கீழே உருளும். அதைத் தடுக்க இன்னொரு வரி. உண்மையான பட்டனில் என்டர் கீயை அழுத்தியதுமே செயல் நடக்கும், ஸ்பேஸ் கீயிலோ விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். அதையும் நீங்களே எழுத வேண்டும். ஸ்கிரீன் ரீடர் இன்னும் இதைப் பட்டன் என்று சொல்லவில்லை, ஆகவே ‘இது பட்டன்’ என்று அதற்குச் சொல்லும் ரோல் கொடுப்பீர்கள். அப்புறம் பார்த்தால், படிவத்தை அனுப்ப இதற்குத் தெரியாது.

இத்தனையும் எழுதி முடித்தால் கையில் இருப்பது, பிரவுசர் சும்மா தரும் பட்டன் எலிமென்டின் சுமாரான நகல். அந்த எலிமென்டின் சாம்பல் நிறத் தோற்றம் பிடிக்காமல்தான் பலரும் டிவ் பக்கம் போகிறார்கள். அந்தத் தோற்றத்தைக் கழற்றி எறிய நாலைந்து வரி சி.எஸ்.எஸ். (தோற்றத்தை எழுதும் மொழி) போதும்.

பட்டன் எலிமென்டில் ஒரு பொறி இருக்கிறது. படிவத்துக்குள் வைக்கும்போது டைப் எதுவும் சொல்லாவிட்டால், அது தன்னை ‘சப்மிட்’ என்று எடுத்துக்கொள்ளும். ‘கடவுச்சொல்லைக் காட்டு’ என்பதை அழுத்தியதும் படிவமே அனுப்பப்பட்டுவிடுகிறது என்று யாராவது புகார் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். டைப் என்ற இடத்தில் ‘பட்டன்’ என்று எழுதினால் சரியாகிவிடும்.

விரல் வைத்ததுமே செயல் நடந்தால் வேகமாக இருக்குமே, அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். தவறான பட்டனில் விரல் வைத்துவிட்டால், எடுக்காமல் வெளியே இழுத்து விடுகிறோம் அல்லவா, அந்த வாய்ப்பு போய்விடும். கை நடுங்குபவருக்கு அது பெரிய இழப்பு. விரலையோ மவுஸையோ விடும்போதுதான் செயல் நடக்க வேண்டும் என்பதை 2.5.2 விதி ஏ நிலையிலேயே கேட்கிறது. விரலை எடுத்ததும் விளைவு மீண்டுவிடும் இடங்களுக்கும் பியானோ விசை போன்றவற்றுக்கும் மட்டும் விலக்கு. சாதாரண கிளிக் நிகழ்வைப் பயன்படுத்தினால் இது தானாகவே கிடைக்கும்.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மூன்று எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன. டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2இன் 2.5.8 விதி ஏஏ நிலைக்குக் குறைந்தது 24க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சல் கேட்கிறது. ஏஏஏ நிலையில் 44க்கு 44. ஆப்பிளின் வழிகாட்டியும் 44 பாயின்ட் என்கிறது. கூகுளின் மெட்டீரியல் டிசைன் 48 டி.பி. (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரியும் அலகு) என்கிறது, திரையில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் என்பது அவர்கள் கணக்கு. இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதை அடைய நேரம் அதிகம் பிடிக்கும் என்று பால் ஃபிட்ஸ் 1954இலேயே கணக்கு எழுதி வைத்தார்.

தொடுதிரையில் 44க்குக் குறையாதீர்கள் என்பது என் கட்சி. 24 என்பது அதற்குக் கீழே இறங்கக்கூடாத தரை. அதையே வீட்டின் உயரமாக வைக்க வேண்டியதில்லை.

‘டேபிளில் ஒவ்வொரு வரிசையிலும் சின்ன ஐகான்கள்தானே இருக்கின்றன, 44க்கு எங்கே போவது?’ என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு வேறு, தொடும் பரப்பு வேறு. ஐகான் 16 பிக்சலாகவே இருக்கட்டும்; சுற்றிலும் 14 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் தொடும் பரப்பு 44 ஆகிவிடும். அதற்கும் இடமில்லையா? 2.5.8இல் இடைவெளிக்கு ஒரு சலுகை உண்டு. ஒவ்வொரு சிறிய பட்டனின் நடுவிலும் 24 பிக்சல் விட்டமுள்ள வட்டம் போட்டுப் பாருங்கள். அந்த வட்டம் பக்கத்துப் பட்டன் மேலும் அதன் வட்டத்தின் மேலும் ஏறாமல் இருந்தால் போதும். 20 பிக்சல் ஐகான்களுக்கு நடுவே 4 பிக்சல் இடைவெளி விட்டால் வட்டங்கள் தொட்டுக்கொண்டு நிற்கும், ஏறாது. தேறிவிடும். ஆனால் அந்த ஐகான்களில் ஒன்று ‘திருத்து’, பக்கத்தில் இருப்பது ‘நீக்கு’ என்றால், விதியில் தேறியதை நினைத்து நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன்.

இன்னொன்று: உயரத்தை இத்தனை பிக்சல் என்று பூட்டாதீர்கள். குறைந்தபட்ச உயரம் கொடுத்து, மீதியைப் பேடிங்கிடம் விடுங்கள். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டிய உயரத்தில் எழுத்தின் கால் வெட்டுப்படும்.

பிராண்டு நிறம் ஆரஞ்சு. மேலே வெள்ளை எழுத்து போடலாமா?

சி.எஸ்.எஸ்.ஸில் ‘ஆரஞ்சு’ என்றே பெயருள்ள நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) 2:1க்கும் கொஞ்சம் குறைவு. சாதாரண எழுத்துக்கு வேண்டியது 4.5:1. பெரிய எழுத்துக்கு 3:1. பெரிது என்றால் 24 பிக்சல், அல்லது தடித்த எழுத்தாக ஏறக்குறைய 18.7 பிக்சல். ஆக, வெள்ளை எப்படிப் பார்த்தாலும் தேறாது. அதே ஆரஞ்சின் மேல் கறுப்பு எழுத்து 10:1ஐத் தாண்டும். ‘கறுப்பு எழுத்து மலிவாகத் தெரிகிறது’ என்பார்கள். நாலு நாள் பார்த்தால் பழகிவிடும். அல்லது பட்டனுக்கென்று அடர்ந்த ஆரஞ்சு ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54:1, தேறிவிடுகிறது. ஒரே ஒரு படி வெளுப்பான #777777 என்பது 4.48:1, தோற்றுவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சொல்ல யாராலும் முடியாது. நல்ல மானிட்டரில், இருண்ட அறையில், நல்ல கண்ணோடு உட்கார்ந்திருக்கும் டிசைனர் ‘தெளிவாகத்தானே தெரிகிறது’ என்று சொல்வதற்கு மதிப்பில்லாமல் போவது இதனால்தான்.

ஓய்வு நிலையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடுவது பழக்கம். மவுஸ் மேலே வரும்போது நிறம் வெளுக்கிறதா? அழுத்தும்போது? அந்த நிலைகளிலும் எழுத்து படிக்கக் கிடைக்க வேண்டும்.

சுற்றுக்கோடு மட்டும் உள்ள பட்டனில் அந்தக் கோட்டுக்கும் 3:1 வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பட்டன் என்று அடையாளம் காணத் தேவையான பாகத்துக்குத்தான் 1.4.11 விதி 3:1 கேட்கிறது. உள்ளே இருக்கும் எழுத்தே அதற்குப் போதுமென்றால் கோடு மங்கலாக இருப்பதை விதி தடுக்காது. ஐகான் மட்டும் இருந்தால் அந்த ஐகானுக்கு 3:1 கட்டாயம். விதியைத் தாண்டி என்னைக் கேட்டால், கோடு போடுவது என்று முடிவுசெய்த பிறகு தெரியாத கோட்டை எதற்குப் போடுவானேன்?

ஆபத்துக்குச் சிவப்பு, சம்மதத்துக்குப் பச்சை: இது எல்லோருக்கும் புரியும்தானே?

எல்லோருக்கும் இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12இல் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு. முழுச் சிவப்புக்கும், சி.எஸ்.எஸ்.ஸில் ‘பச்சை’ என்று பெயருள்ள நிறத்துக்கும் இடையே உள்ள கான்ட்ராஸ்ட் வெறும் 1.28:1தான். அதாவது நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். சிவப்பு இருக்கட்டும், கூடவே ‘கணக்கை நீக்கு’ என்ற சொல்லும் இருக்கட்டும். சொல் தெளிவாக இருந்தால் நிறம் துணைக்கு நிற்கும். நிறத்தை மட்டும் நம்பாதே என்பது 1.4.1, ஏ நிலை.

ஃபோகஸ் வளையம் அசிங்கமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

கீபோர்டில் வேலை செய்பவருக்கு அதுதான் மவுஸ் அம்பு. அம்பை மறைத்துவிட்டு மவுஸை உபயோகிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

வளையத்தை மறைக்கும் ‘அவுட்லைன் நன்’ என்ற வரி எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து அழியுங்கள். மவுஸால் கிளிக் செய்யும்போது வளையம் வருவதுதான் உறுத்துகிறது என்றால், அதற்கென்றே ‘ஃபோகஸ்-விசிபிள்’ இருக்கிறது. கீபோர்டில் வரும்போது வளையம் காட்டும், பட்டனை மவுஸால் தொடும்போது காட்டாது. டிசைனரும் சண்டை போட மாட்டார்.

வளையம் பின்னணியிலிருந்து 3:1 தெரிய வேண்டும். பட்டனை ஒட்டாமல் 2 பிக்சல் தள்ளிப் போட்டால், எந்த நிறப் பட்டனிலும் பிரிந்து தெரியும். பாக்ஸ்-ஷேடோவை (பட்டனைச் சுற்றி விழும் நிழலை) மட்டும் வைத்து வளையம் வரையாதீர்கள். விண்டோஸில் உயர் கான்ட்ராஸ்ட் தீம் போட்டவுடன் பிரவுசர் ஷேடோக்களை எடுத்துவிடும், வளையம் காணாமல் போகும். ஷேடோதான் வேண்டும் என்றால் கூடவே நிறமில்லாத ஒரு அவுட்லைனும் வையுங்கள். அந்தத் தீமில் அதற்கு நிறம் வந்துவிடும். பட்டனின் பின்னணி நிறத்துக்கும் இதே கதிதான், ஆகவே கண்ணுக்குத் தெரியாத பார்டர் ஒன்றும் இருந்தால் அங்கே பட்டனின் வடிவம் பிழைக்கும்.

பக்கத்தின் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் ஹெட்டரின் அடியில் ஃபோகஸ் போய் ஒளிந்துகொள்வதும் இப்போது விதிமீறல்தான் (2.4.11, 2.2 பதிப்பில் வந்தது).

படிவம் நிரம்பும்வரை ‘அனுப்பு’ பட்டனை டிசேபிள் செய்து வைப்பது நல்ல பழக்கம்தானே?

எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் முதலிடம் இதற்குத்தான். மங்கிய பட்டன் ‘முடியாது’ என்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. எல்லாம் நிரப்பியாகிவிட்டது என்று நினைப்பவர் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பார். மூன்றாவது கட்டத்தில் ஒரு இலக்கம் குறைந்திருக்கும். டிசேபிள் ஆன பட்டனுக்கு டேப் கீ போகாது, ஆகவே ஸ்கிரீன் ரீடரோடு டேப் அடித்து வருபவருக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாமல் போகலாம். செயலிழந்த பாகங்களுக்குக் கான்ட்ராஸ்ட் விதியிலும் விலக்கு உண்டு என்பதால் அது மங்கிக்கொண்டே போகிறது.

பட்டனை உயிரோடு வையுங்கள். அழுத்தினால் என்ன குறை என்று சொல்லி, முதல் தவறு இருக்கும் கட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உண்மையிலேயே செயலிழந்த பட்டன் தேவைப்படும் இடத்தில் ஏரியா-டிசேபிள்டு (ஸ்கிரீன் ரீடருக்கு நிலையைச் சொல்லும் மார்க்கப் குறிப்பு) பயன்படுத்துங்கள். ஃபோகஸ் வரும், ‘கிடைக்கவில்லை’ என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லும். அது கிளிக்கைத் தடுக்காது, அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். காரணத்தையும் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ஐகான் மட்டும் போதுமா?

தேடல் கண்ணாடி, மூடும் பெருக்கல் குறி, ப்ளே முக்கோணம். இவற்றைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. இதயம் என்றால் பிடித்ததா, பின்னர் பார்க்கச் சேமித்ததா? ‘மவுஸ் வைத்தால் டூல்டிப் வரும்’ என்பார்கள். தொடுதிரையில் மவுஸை எங்கே வைப்பது? இடம் இருந்தால் சொல்லையும் எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்குப் பெயரைச் சொல்லும் ஏரியா-லேபிளாவது கொடுங்கள். இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடர் வெறுமனே ‘பட்டன்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பெயரில்லாத கதவு மாதிரி.

ஸ்கிரீன் ரீடருக்காக வேறு பெயர் கொடுக்கலாமா?

நீட்டலாம், மாற்றக்கூடாது. பத்து வரிசை கொண்ட டேபிளில் ‘நீக்கு, பட்டன்’ என்று பத்து முறை கேட்பவருக்கு எதை நீக்குகிறோம் என்று தெரியாது. ‘நீக்கு: மார்ச் அறிக்கை’ என்று கொடுத்தால் நல்லது.

திரையில் ‘அனுப்பு’ என்று எழுதிவிட்டு ஏரியா-லேபிளில் ‘படிவத்தைச் சமர்ப்பி’ என்று வைத்தால் வேறொருவர் மாட்டிக்கொள்வார். குரலால் கணினியை இயக்குபவர் கண்ணில் படும் சொல்லைத்தான் சொல்வார். ‘அனுப்பு’ என்று மூன்று முறை சொல்வார், ஒன்றும் நடக்காது. தெரியும் சொல் உள்பெயரிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது 2.5.3. அது முதலிலேயே வந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆன்-ஆஃப் ஆகும் பட்டனில் எழுத்தை மாற்றுவதா, நிலையை மாற்றுவதா?

ஏதாவது ஒன்றை மட்டும். ‘மியூட்’ என்ற பட்டனில் எழுத்து மாறாமல், அழுத்திய நிலையைச் சொல்லும் ஏரியா-பிரெஸ்டு மட்டும் மாறினால், ‘மியூட், அழுத்தப்பட்டது’ என்று கேட்கும். புரிகிறது. எழுத்து மட்டும் மாறினால், ‘மைக்கை அணை’ என்பது அழுத்திய பின் ‘மைக்கை இயக்கு’ ஆகும். அதுவும் புரிகிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் ‘மைக்கை இயக்கு, அழுத்தப்பட்டது’ என்று வரும். இப்போது மைக் ஓடுகிறதா, இல்லையா? கூட்டத்துக்கு நடுவில் இந்தப் புதிரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

உறுதிப்படுத்தும் பெட்டியில் ‘சரி’, ‘ரத்துசெய்’: எது எந்தப் பக்கம்?

விண்டோஸ் மரபில் ‘சரி’ இடப்பக்கம், ‘ரத்துசெய்’ அதன் வலப்பக்கம். மேக் மரபில் முதன்மைப் பட்டன் வலக்கோடியில். எந்தத் தளத்துக்குச் செய்கிறீர்களோ அதன் மரபைப் பின்பற்றுங்கள். இணையத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் மாற்றாமல் இருங்கள். இதில் செலவிடும் விவாத நேரத்தில் பாதியைச் சொல்லுக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

‘ஆர்டரை ரத்துசெய்ய வேண்டுமா?’ என்று கேட்டுவிட்டு, கீழே ‘ரத்துசெய்’, ‘சரி’ என்று இரண்டு பட்டன் வைத்த பெட்டியை நானே பார்த்திருக்கிறேன். ‘ரத்துசெய்’ என்றால் ஆர்டர் போகுமா, இந்தப் பெட்டி போகுமா? ‘ஆர்டரை ரத்துசெய்’, ‘ஆர்டர் இருக்கட்டும்’ என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும். பெரும்பாலானோர் கேள்வியைப் படிப்பதில்லை.

பெட்டி திறக்கும்போது ஃபோகஸ் ஆபத்தில்லாத பட்டனில் நிற்கட்டும். எஸ்கேப் அழுத்தினால் மூடட்டும். மூடியதும் ஃபோகஸ், பெட்டியைத் திறந்த பட்டனுக்கே திரும்பட்டும். நீக்கியதால் அந்தப் பட்டனே வரிசையோடு போய்விட்டதா? அடுத்த வரிசைக்கோ தலைப்புக்கோ ஃபோகஸை நீங்கள் கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பயன்படுத்துபவர் பக்கத்தின் தொடக்கத்தில் போய் விழுவார். முடிந்த இடத்தில் கேள்வியே வேண்டாம். நீக்கிவிட்டு ‘மீட்டெடு’ என்ற வாய்ப்பைக் கொடுங்கள்.

அழுத்திய பிறகு சுழலும் வட்டம் காட்டினால் போதுமா?

பார்ப்பவருக்குப் போதும். பார்க்காதவருக்கு ‘சேமிக்கிறது’, ‘சேமிக்கப்பட்டது’ என்று நிலைச் செய்தியாகச் சொல்ல வேண்டும் (4.1.3, ஏஏ). பட்டனின் அகலம் மாறாமல் பாருங்கள், மாறினால் பக்கத்தில் இருப்பவை குதிக்கும். இரண்டாவது கிளிக்கை அலட்சியம் செய்யுங்கள். ஆனால் பணம் போகும் செயல் என்றால் அதே கோரிக்கை இருமுறை வந்தாலும் ஒருமுறைதான் நடக்கும் என்பதை சர்வர் உறுதிசெய்ய வேண்டும். பட்டன் காவல்காரர் அல்ல.

பட்டனில் தமிழ் எழுதும்போது ‘சேமி’யா, ‘சேமிக்கவும்’ஆ?

‘சேமி’ என்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது என்று சிலர் ‘சேமிக்கவும்’ என்று எழுதுகிறார்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள். ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்பது மென்பொருள் மனிதரிடம் சொல்வது, அங்கே மரியாதை வேண்டும். பட்டனில் இருப்பது மனிதர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. இயந்திரத்திடம் ‘சேமி’ என்று சொல்வதில் யாருக்கும் மரியாதை குறையாது. குறுகியதாகவும் இருக்கிறது. ‘சேமிக்க’ என்றும் எழுதலாம், தவறில்லை. ஒரே திரையில் ‘சேமி’, ‘நீக்கவும்’, ‘பகிர’ என்று மூன்றும் கலந்து வருவதுதான் தவறு. மொழிபெயர்ப்பு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பதை அது ஊருக்கே சொல்லிவிடும்.

ஆங்கிலத்துக்காக வரைந்த பட்டனில் தமிழைப் போட்டால் முதலில் அகலம் இடிக்கும். ‘பதிவிறக்கு’ என்பதற்கு இடம் விட்டு வரையுங்கள், இரண்டு வரியாக மடியவும் விடுங்கள். வரி உயரத்தை 1 என்று இறுக்கி, மிச்சத்தை மறைக்கச் சொல்லியிருந்தால் ‘நீ’யின் கொக்கியும் ‘கு’வின் வாலும் வெட்டுப்படலாம். முக்கியத்துவத்துக்காக எல்லாவற்றையும் கேப்பிட்டல் எழுத்தாக்கும் பாணி இங்கே செல்லாது, நமக்குக் கேப்பிட்டல் கிடையாது. தடிமனை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

இடமில்லை என்று நிரல் எழுத்தை வெட்டும்போது இன்னொரு வேடிக்கை. ‘நீக்கு’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. முதல் மூன்றோடு வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘நீக’ என்று நிற்கும். பட்டன் எழுத்தை வெட்டவே வேண்டாம் என்பேன். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முழு எழுத்துகளாக எண்ணி வெட்டுங்கள்.

பக்கத்தின் மொழி தமிழ் என்று மார்க்கப்பில் குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்கப் பார்க்கும்.

‘இந்த ஒரு திரைக்கு மட்டும்’ என்று விதிவிலக்கு கேட்டு வருகிறார்களே?

கொடுக்கலாம், எழுதி வைத்துக் கொடுங்கள்: எந்தத் திரை, ஏன், யார் கேட்டது. ஒரே காரணம் மூன்றாவது முறை வந்தால் விதியில்தான் ஓட்டை. அப்போது காம்பொனென்டையே (எல்லாத் திரைகளும் பகிர்ந்துகொள்ளும் பட்டன் நிரலையே) திருத்துங்கள். நிறமும் அளவும் ஒவ்வொரு திரையிலும் எழுதப்படாமல் ஒரே இடத்தில் டோக்கனாக (பெயரிட்ட மதிப்பாக) இருந்தால், திருத்துவது ஒரு வரி வேலை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

தானியங்கிக் கருவியை முதலில் ஓட்டுங்கள். கான்ட்ராஸ்ட் குறைவையும் பெயரில்லாத பட்டனையும் அது பிடித்துவிடும். ‘சரி’ என்ற பெயர் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பிறகு மவுஸைக் கழற்றிவிட்டு, உங்கள் மென்பொருளின் முக்கியமான வேலை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். பிரவுசரில் 200 சதவீதம் பெரிதாக்கி ஒருமுறை. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒருமுறை.

கடைசியாக, என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் விண்டோஸுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு, பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறந்து, இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்துங்கள். வரும் பெட்டியில் பட்டன்களைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தின் எல்லாப் பட்டன் பெயரும் வரிசையாக வந்து நிற்கும். நிறம் இல்லை, இடம் இல்லை, ஐகான் இல்லை, பெயர் மட்டும்தான். அந்தப் பட்டியலை உங்கள் திரையைப் பார்த்திராத ஒருவரிடம் படித்துக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கேளுங்கள். ‘நீக்கு, நீக்கு, பெயரில்லாதது, சரி, நீக்கு’ என்று போனால், வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.